கடைக் கணனி வீட்டுக் கணனியைக் காணாவிட்டால்

காங்கேசன்துறையில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இருக்கும் நண்பர் என்னை அழைத்தார். கடையில் போடும் பில் வீட்டுக் கணனியிலுள்ள கணக்கில் ஏறவில்லை. இரண்டு நாள் கடன் வரவு தெரியாமல் திண்டாடினார். புதுக் கணனி வாங்கும்படி யாரோ சொல்லிவிட்டார்களாம்!

முதலில் வயர் முனைகளைப் பார்த்தேன், கடற்காற்றில் துருவேறும். பழுதில்லை. அடுத்து இரண்டு கணனிகளிலும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தேன். எண் 169.254 எனத் தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். இங்கோ கடையில் 192.168.1, வீட்டில் 192.168.0. வைஃபைக்காக மகன் வீட்டில் பொருத்திய இரண்டாவது ரவுட்டர் தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் கடையிலிருந்து வீட்டுக்குள் வழியில்லை.

அந்த ரவுட்டரில் முகவரி வழங்கும் 'டிஎச்சிபி'யை நிறுத்தி, வயரை 'வான்' துளையிலிருந்து 'லான்' துளைக்கு மாற்றினேன். பில் ஏறியது. உங்கள் கடையில் முகவரிகள் ஒத்திருந்தும் இணையாவிட்டால், விண்டோஸில் வலையமைப்பு 'பப்ளிக்' என்றிருக்கிறதா பாருங்கள். அதை 'பிரைவேட்' ஆக்குங்கள்.