நோயில்லாதவர் வீட்டுக்குச் செல்லும் செவிலியர்

மருத்துவம் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது மருத்துவமனைதான். நீண்ட வரிசை, மருந்து நெடி, வெள்ளை உடை, கையில் ஒரு சீட்டு. நோய் வந்தவன் அங்கே செல்கிறான், குணமடைந்து திரும்புகிறான். மருத்துவம் இவ்வளவுதான் என்றால், நோய் இன்னும் வராதவனைப் பற்றிக் கவலைப்படுவது யார் பொறுப்பு? இவ்வினாவுக்கு விடையாக விளங்கும் ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன். நம் ஊரில் அவரை நர்ஸம்மா என்பார்கள். இங்கே டில்லிப் பக்கத்துச் சிற்றூர்களில் பஹன்ஜி என்று அழைக்கிறார்கள். அவரே சமுதாய சுகாதாரச் செவிலியர்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் பத்துக் குறள்களில் முதல் ஏழும் நோய் எதனால் வருகிறது, அது வராமல் இருக்க எவ்வாறு உண்ண வேண்டும் என்பதையே கூறுகின்றன. சிகிச்சையைப் பற்றியவை கடைசி மூன்றே. இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்க்கிறது. அந்த நான்காமவரே செவிலியர். அவர் நோயாளியின் கட்டிலருகே மட்டும் நில்லாமல், நலமாக இருப்பவர் வீட்டு வாயிலுக்கும் சென்றால் என்ன நிகழும்? அதுவே நாம் காணப்போகும் செய்தி.

1859இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், தம் மனைவியின் இறுதி நோயில் பணிபுரிந்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி வைத்தார். அம்முயற்சி பரவியது. பின்னர் நியூயார்க்கில், 1893 முதல், லிலியன் வால்டு குடியேறிய மக்களின் நெரிசலான தெருக்களில் இதே பணியை வளர்த்தார். நம் டில்லி மாநகரிலும் 1918இல் தோன்றி, லேடி ரீடிங் பெயரால் வழங்கும் சுகாதாரப் பள்ளி, வீடுதோறும் செல்லும் பெண் ஊழியர்களைப் பயிற்றுவித்தது. நோய்த் தடுப்பும் சிகிச்சையும் ஒன்றாக இணைய வேண்டும் என்று 1946இல் போர் குழுவின் அறிக்கை வலியுறுத்தியது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன.

இன்றைய திட்டப்படி, சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப் பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் இருத்தல் வேண்டும். அதன் உயிர்நாடி ஏ.என்.எம். எனப்படும் செவிலியர். ஆயிரம் பேருக்கு ஒருவராக, அவ்வூரிலேயே வாழும் ஆஷா ஊழியர்கள் அவருக்குத் துணை நிற்கின்றனர்.

அவர் செய்வது என்ன? ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குச் செல்கிறார். அந்தப் பெண் நோயாளி அல்லள். எனினும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார், எடையைக் குறிக்கிறார், 180 நாளுக்குரிய இரும்புச்சத்து மாத்திரையைத் தந்து, போன மாதம் தந்ததை உண்மையில் விழுங்கினாளா என்று பரிவோடு கேட்கிறார். ஏறும் இரத்த அழுத்தம் வீட்டிலேயே கண்டறியப்பட்டால் தாயும் சேயும் பிழைக்க வழியுண்டு. வலிப்பு வந்தபின் மருத்துவமனைக்கு ஓடினால், பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்.

மற்றொன்று. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொடுத்து, அதைக் கலக்கும் முறையைக் காட்டி, 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் தருகிறார். அத்துடன் அவர் நிற்பதில்லை. பதிவேட்டைப் புரட்டுகிறார். ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கு மருத்துவருக்கு ஒரு நோய். ஒரே தெருவில் ஐந்து குழந்தைகளுக்கு வந்தால், செவிலியருக்கு அது பழுதான ஒரு குடிநீர்க் குழாய். தனி மனிதனின் நோயிலிருந்து ஊரின் நலத்துக்குச் செல்லும் இந்தப் பார்வையைத்தான் அறிஞர்கள் மக்கள் நல மேம்பாடு என்கின்றனர். 1986இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலக மாநாடு, மக்கள் தம் நலத்தின்மேல் தாமே ஆளுகை பெறச் செய்வதே அதன் பொருள் என விளக்கியது.

மாணவர் குழுவோடு ஒரு சிற்றூருக்குச் சென்றபோது அத்தகைய செவிலியர் ஒருவருடன் பதினொரு வீடுகள் நடந்தேன். ஒரு வீட்டில் மாமியார் கதவைத் திறக்கவே மறுத்தார். செவிலியர் தடுப்பூசியைப் பற்றிப் பேசவே இல்லை. திண்ணையில் அமர்ந்து, “உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அம்மா?” என்று இந்தியில் கேட்டார். கால் மணி நேரத்தில் தேநீர் வந்தது. அதன்பின் குழந்தையும் வந்தது. இந்த நம்பிக்கையே அவருடைய முதன்மையான கருவி என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

நம்பிக்கை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டு வரலாறே சான்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பல இடங்களில் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஊழியருக்கு இத்தனை என்று இலக்கு வகுத்தபோது, வாயிலில் வந்து நின்றவர் தோழியாகத் தோன்றவில்லை, தண்டற்காரராகத் தோன்றினார். அவ்விலக்கு முறை 1996இல்தான் கைவிடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் போலியோ சொட்டு மருந்து வந்தபோது, அது மலடாக்கும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் எளிதில் பரவியதற்கு அந்தப் பழைய அச்சமும் ஒரு காரணம்.

அந்த அச்சத்தை வென்றதும் வீடு வீடாகச் சென்றவர்களே. எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்த வீட்டில் சுண்ணக்கட்டியால் ‘பி’ என்று குறித்தனர். ஒரு குழந்தை விடுபட்டாலும் பெருக்கல் குறி இட்டு மீண்டும் சென்றனர். அதே தெருப் பெண்கள் முன்னின்று பேசினர். 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோயுற்ற குழந்தையே நாட்டில் இயற்கை வகைப் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது.

1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. 2020இல் அது 28 ஆகக் குறைந்தது. இவ்வெற்றியில் பல கைகளுக்குப் பங்குண்டு. ஆயினும் கதவைத் தட்டிய கையை நாம் மறத்தல் ஆகாது. வந்த நோயைத் தீர்த்தவருக்கு மாலை சூட்டுகிறோம். வராத நோய்க்கு நன்றி சொல்வார் யார்? அதனாலன்றோ அவருடைய பணியிடம் காலியாக இருந்தாலும் ஊரில் ஆரவாரம் எழுவதில்லை! ஐயாயிரம் பேரின் நலனைச் சுமப்பவருக்குப் பதிவேடு எழுதவே பாதி நாள் கழிந்தால், திண்ணையில் அமர நேரமேது?

நண்பர்களே, நம்மால் இயல்வது சிறிதேனும் உண்டு. மழைக்காலத்தில் டெங்குக் கொசு நம் விடுதி அறைக் கூலரின் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை அதை வடித்துத் தேய்த்து உலர்த்துவோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் தோழரைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நம் தெருவுக்கு வரும் நர்ஸம்மாவுக்கு ஒரு நாற்காலியிட்டு, அவர் சொல்வதைச் செவிமடுப்போம். நாளை நம்மில் சிலர் ஆட்சிப் பணியிலும் அலுவலகங்களிலும் அமரக்கூடும். அன்று புதிய மருத்துவமனைக்குக் கையெழுத்திடும்போது, அந்த ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக.