வாட்ஸ்அப்பில் வரும் எத்துப்பல்

கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்கிறார்கள். எத்துப்பல் என்று சின்ன வயதில் கேட்ட கேலி கொஞ்சமா? ஆனால் ஒன்றரை, இரண்டு வருஷம் மாதாமாதம் போய்க் கம்பியை டைட் பண்ணிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மாறும், லீவு போட்டால் சம்பளம் போகும். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே மத்திய அரசின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வந்தன. பல் மருத்துவத்திலும் போன் ஆலோசனை பழகிவிட்டது.

ஹாஸ்டல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருத்தி நின்று, இரண்டு ஸ்பூன் காம்புகளால் கன்னத்தை விலக்கிப் பிடித்துக்கொள்ள, அறைத்தோழி படம் எடுக்கிறாள். நேராக ஒன்று, இடம் வலம் ஒவ்வொன்று, வாட்ஸ்அப்பில் டாக்டருக்குப் போகும். கம்பி நுனி குத்துகிறதா, மெழுகு உருட்டி வை என்று பதில் வரும். ரப்பரை ஒழுங்காக மாட்டுகிறாளா என்பதும் படத்திலேயே தெரிந்துவிடும். பஸ் காசும் அரை நாள் சம்பளமும் மிச்சம்தான், மறுக்கவில்லை.

என் கவலை வேறு. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் ஃப்ளோரைடு பூமி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் திட்டுத்திட்டாக நிற்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. முன்பல்லின் எனாமலோ நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். இன்று 22 வயதான பெண்ணுக்கு அந்தத் தண்ணீர் வந்தும் பல்லுக்குப் பயனில்லை.

கிளிப் போட்ட பல்லைச் சரியாகத் துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி எனாமல் கரைந்து வெள்ளைப் புள்ளி விழும். சொத்தையின் முதல் படி அது. அதுவும் வெள்ளை, ஃப்ளோரைடு திட்டும் வெள்ளை. இரண்டையும் பிரித்தறிய, நேரில் என்றால் டாக்டர் காற்றடித்துப் பல்லை உலர்த்தி, விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார், தேவையானால் கருவியால் மெல்லத் தடவிப் பார்ப்பார். போன் படத்தில் எச்சில் மினுமினுப்புத்தான் தெரியும். போதாததற்கு முகத்தை அழகாக்கும் வசதி பல்லையும் வெளுத்துக் காட்டிவிடும். ஃப்ளோரைடு திட்டு விழுந்த பல்லில் பசைக்கு முன் தடவும் ஆசிட் சரியாகப் பிடிக்காததால் பிராக்கெட்டும் எளிதில் பெயரும். “அடுத்த விசிட்டில் ஒட்டிக்கலாம்மா” என்று போனில் சொல்லச் சொல்ல, சிகிச்சை நீண்டுகொண்டே போகும்.

எக்ஸ்ரே இல்லாமல் எலும்பும் வேரும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரில் பார்க்க ஒரு டாக்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம்: அமெரிக்காவில் வீட்டுக்கே அலைனர் (பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறை) அனுப்பிவந்த பெரிய நிறுவனம் ஒன்று 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

போன் ஆலோசனையை விட வேண்டியதில்லை; கிளிப் ஒட்டுவதற்கு முன்பே, உலர்த்திய பல்லை கிளினிக் கேமராவில் எடுத்து, எந்தத் திட்டு எங்கே இருந்தது என்று குறித்து, அந்தப் படத்தின் நகலைப் பெண்ணின் கையிலும் கொடுத்துவிடலாம். பிறகு வரும் வாட்ஸ்அப் படத்தில் புதிதாக ஒரு வெள்ளை தெரிந்தால், பல்லை உலர்த்திப் பார்க்க அன்றைக்கே வரச் சொல்ல வேண்டும்.