பழைய தாளுக்கு வயது மட்டும் போதாது

1942இல் போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கையில் ஐந்து சதத் தாள் ஒன்று வெளியானது. நடுவே தபால் முத்திரைகளுக்கு இடையில் இருப்பது போன்ற துளை வரிசை. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறு பாதி மூன்று சதம். கிழிப்பதற்கென்றே அச்சிட்ட அந்தத் தாளை இன்று சேகரிப்பாளர் கிழியாமல் தேடுகிறார். வெள்ளவத்தை வீட்டு அலுமாரியிலோ கொட்டாஞ்சேனைக் கடை மேசையின் லாச்சியிலோ பழைய தாள் அகப்பட்டால் எல்லோரும் முதலில் ஆண்டைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது, கைமாறிக் கைமாறித் தேய்வதிலிருந்து அது எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதை.

மத்திய வங்கியின் முதல் தாள்கள் 1951ஆம் ஆண்டுத் திகதியிட்டவை. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படமும், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் ஆகியோரின் கையொப்பங்களும் அவற்றில் உண்டு. அவற்றுள் ஒரு ரூபாய்த் தாள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று மடிப்பே காணாதது. மற்றது நாலாய் மடிந்து பணப்பையில் கிடந்தது. வயது ஒன்றே, விலையோ பல மடங்கு வேறுபடும். தர நிர்ணய நிறுவனங்கள் எழுபது வரை புள்ளியிடுகின்றன. புழங்காத தாளுக்கே அறுபதும் அதற்கு மேலும். நடு மடிப்பு, மழுங்கிய மூலை, ஊசித் துளை, பேனாக் கணக்கு எல்லாம் புள்ளியைக் குறைக்கும். கழுவி இஸ்திரி போடுவது இன்னும் மோசம்: தாளின் விறைப்பும் மையின் மேடும் போய்விடும், பழகிய கண் உடனே பிடித்துவிடும்.

அப்படியானால் 1885இன் முதல் அரசாங்க ரூபாய்த் தாள்கள் ஏன் அவ்வளவு அரியவை, வயதினால்தானே என்று கேட்கலாம். அதுவரை தாள் வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்த பின் வந்த அத்தாள்கள் பணமாகவே புழங்கின. தேய்ந்தவை திரும்பிப் போய் அழிந்தன. எஞ்சியவை சில என்பதுதான் காரணம். எதிர்ப்பக்கம் பாருங்கள்: 1998இன் சுதந்திரப் பொன்விழா 200 ரூபாய் பிளாஸ்டிக் தாளை நினைவுப்பொருளென்று பலரும் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் காத்த பொருளுக்கு அரிய பொருளின் விலை கேட்பது கடினம். 1970இல் செல்லாதாக்கப்பட்ட 50, 100 ரூபாய்த் தாள்களுக்குச் சட்டப் பெறுமதி இல்லை. சேகரிப்பாளர் விலை அதைப் பொறுத்ததும் அல்ல.

தரம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது என்ற ஆட்சேபம் ஓரளவு நியாயமே. இரண்டு நிபுணர் ஓரிரு புள்ளி வேறுபடுவார்கள். ஆனால் மடிப்பு இருப்பதையும் இல்லாததையும் பற்றி வேறுபட மாட்டார்கள். விற்பவர் சொல்லும் தொகையை விலையென்று எடுப்பதுதான் பெரிய பிழை. அதே ஆண்டு, அதே கையொப்பம், அதே தரம் உள்ள தாள் ஏலத்தில் உண்மையாக எவ்வளவுக்குப் போனது என்று பார்க்க வேண்டும்.