உறைமழையும் உள்ளே மூட்டும் நெருப்பும்

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு ரொறொன்ரோவில் பெய்த மழை, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக இறுகியது. மேலே சற்றுச் சூடான காற்றில் உருகிய பனி, தரையை ஒட்டிய உறைகுளிர்க் காற்றில் உறையாமலே குளிர்ந்து வந்து, எதைத் தொடுகிறதோ அதன்மேல் அக்கணமே கட்டியாகிவிடும். இதுதான் உறைமழை. விடியும்போது மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின்மேல் கிடந்தன. ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஸ்காபரோ மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. நத்தார் கழிந்தும் பல வீடுகளுக்கு வெளிச்சம் வரவில்லை.

இது எப்போதோ ஒருமுறை வந்துபோகும் விபத்தல்ல. 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் உறைமழை ஏறக்குறைய ஆயிரம் இரும்புக் கோபுரங்களைச் சரித்தது. மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்கள் ஒரு மாதத்துக்கு மேல் இருளில் இருந்தன. 2025 மார்ச் கடைசியில் ஒன்ராறியோவின் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மீண்டும் அதே கதை.

நம்மவர்களிடம் ஒரு துணிச்சல் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்தவர்கள் நாங்கள். “கரண்ட் இல்லாட்டி என்ன, நாங்கள் பாக்காத இருட்டே?” என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த அனுபவம் இங்கே ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிடும். அங்கே குசினிக்குப் புகைக்கூடு இருந்தது, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்றோடியது. கனடிய வீடு, குளிர் நுழையாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக் கட்டப்பட்டது. உள்ளே எரியும் கரியின் நஞ்சுக்கும் வெளியேற வழியில்லை.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் இரவு. வீட்டுக்குள் ஒன்பது, பத்துப் பாகைதான். சின்னவனின் கை சில்லிட்டிருக்கிறது. “தம்பி, அந்த பார்பிக்கியூ அடுப்பைக் கராஜுக்குள்ள வைச்சு மூட்டினால் என்ன? கதவைத் துறந்துதானே விடப்போறம்” என்று அம்மம்மா மருமகனைக் கேட்கிறார். அக்கறையில் வந்த கேள்விதான். அதற்குப் பதில் ஒன்றே ஒன்று: கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. அந்த 2013 புயலின்போது ரொறொன்ரோவுக்குக் கிழக்கே நியூகாசலில் இருவர் உயிரிழந்தது, கராஜுக்குள் ஓடிய ஜெனரேற்றரின் புகையால்.

அந்தப் புகையிலும் கரி எரியும்போதும் வரும் நஞ்சு, காபன் மொனொக்சைட்டு வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், தலைசுற்று, சோர்வு என்று வரும். காய்ச்சல் இருக்காது. ஒருவருக்கு மட்டுமல்லாமல் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால், பனடோல் தேடாதீர்கள். குளிரானாலும் பரவாயில்லை, எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள். தூங்கிவிட்டவர் இந்த அறிகுறிகளை உணராமலே போய்விடுவார்.

கரியடுப்பு, காம்ப் ஸ்ரவ், ஜெனரேற்றர் மூன்றும் வீட்டுக்கு வெளியே, யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளித்தான். காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்துத் தேத்தண்ணி போடலாம், ஆனால் குளிர்காய அதை எரியவிடக்கூடாது. காஸ் பர்னஸ் இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் வீண். அதன் விசிறியும் பற்றவைக்கும் பொறியும் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன.

குளிரைச் சமாளிக்க எல்லோரும் ஒரே அறைக்குள் வந்துவிட வேண்டும். கதவிடுக்கில் துவாயைச் சுருட்டி வையுங்கள், தொப்பியும் காலுறையும் போட்டபடியே படுங்கள். வயதானவர் திடீரெனக் குழறிப் பேசினால், நடுக்கம் நின்று மந்தமானால், அது களைப்பல்ல; உடல் வெப்பம் ஆபத்தாக இறங்கிவிட்டது, உடனே உதவி அழையுங்கள். நம்மவர் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு என்பதால் இதையும் சொல்கிறேன்: குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யவில்லை என்று இன்சுலினைப் பனிக்குள் புதைத்து வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. பெட்டியைத் திறக்காவிட்டால் உணவு நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கும் உறைபெட்டியானால் இரண்டு நாள். அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பத்து மீற்றருக்குள் போகவேண்டாம்.

இனி உரிமைகள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் பின்வாங்குகிறார்கள்.

நகரமெங்கும் மின்சாரம் போனதற்கு வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தெருவுக்கு வெளிச்சம் வந்த பிறகும் உங்கள் பர்னஸ் இயங்கவில்லை, குழாய் வெடித்துக் கிடக்கிறது என்றால், அதைத் திருத்துவது அவர் பொறுப்பு. ரொறொன்ரோவில் வீட்டுக்காரர் வெப்பம் தரவேண்டிய இடங்களில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், குறுஞ்செய்தியும் போதும். திகதியோடு படம் எடுங்கள், தெர்மோமீற்றரையும் சேர்த்து. அசையாவிட்டால் 311ஐ அழைத்து நகராட்சியிடம் முறையிடலாம். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ஒன்ராறியோ சபையில், பராமரிப்புக் குறைக்கான டி6 என்ற விண்ணப்பத்தை ஒரு வருடத்துக்குள் போட்டு வாடகைக் கழிவும் கேட்கலாம். சமூகச் சட்ட உதவி நிலையங்கள் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவும். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அது வெளியேற்ற வழக்குக்கு வாசலைத் திறந்துவிடும்.

“எங்கட பேஸ்மென்ற் பதிவில்லாதது, வாய் திறந்தால் போகச் சொல்லிவிடுவினம்” என்று பயப்படுபவர்களுக்கு: நகராட்சி அனுமதி இல்லாத பேஸ்மென்றுக்கும் வாடகைச் சட்டம் பொருந்தும். குசினியையோ குளியலறையையோ வீட்டுச் சொந்தக்காரரோடு பகிர்ந்துகொள்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது பொருந்தாது. முறையிட்டதற்காகப் பழிவாங்கி வெளியேற்ற முனைந்தால், சபை அதை ஏற்காது.

சொந்த வீட்டுக்காரர்களை 2013இல் திகைக்க வைத்தது வேறொன்று. தெருக்கம்பியை வீட்டோடு இணைக்கும் குழாய், சுவரோடு மேலெழும்பி நிற்குமே, அது வீட்டுச் சொந்தக்காரரின் சொத்து. கிளை விழுந்து அது வளைந்திருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளர் திருத்திப் பரிசோதனை முடியும்வரை இணைப்புத் தரமாட்டார்கள். அக்கம்பக்கம் வெளிச்சம் வந்தும் சில வீடுகள் இருண்டு கிடந்தது இதனால்தான். மின்சாரம் இல்லாத முதல்நாளே வெளியே போய் அந்தக் குழாயைத் தூரத்தில் நின்று பாருங்கள்.

கெட்டுப்போன உணவுக்கு மின்சார நிறுவனம் பொதுவாக ஈடு தராது. காப்புறுதிப் பத்திரத்தைத்தான் பார்க்கவேண்டும். மரம் விழுந்த சேதம் பெரும்பாலும் அடங்கும். குளிர்காலத்தில் ஊருக்குப் போய்விட்டு, வீட்டைப் பார்க்க ஆளில்லாமல் விட்டு, குழாய் வெடித்தால் பல பத்திரங்களில் பணம் கிடைக்காது. தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் நிறுவனத்தின் பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதன்பின் பொதுக் காப்புறுதிக் குறைகேள் சேவையிடம் செலவில்லாமல் போகலாம்.

காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி பற்றிய ஒன்ராறியோச் சட்டத்துக்கு ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது: ஹோக்கின்ஸ்-ஜினியாக். 2008இல் வூட்ஸ்ரொக் நகரில் புகைபோக்கி அடைபட்டு, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி 2013இல் அந்தச் சட்டம் வந்தது. காஸ் பர்னஸோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் தூங்கும் இடத்துக்கருகே இந்தக் கருவி கட்டாயம். வாடகை வீட்டில் அதைப் பொருத்திப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. சுவர்ச் செருகியில் மட்டும் ஓடும் கருவி, கரண்ட் போனதும் செத்துவிடும். பற்றரியிலும் இயங்குகிறதா என்று பாருங்கள்.

இன்றிரவு படுக்கப்போகுமுன் அதன் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் நாளைக் காலையே வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்.