மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு: காரணங்களும் கவனிக்க வேண்டியவையும்

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைச்சரிவுகளில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வருவோர் தமிழ்ப் பெண்கள். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கடந்தபின் உதிரம் தென்பட்டால், உடற்சூடு என்று எண்ணி இருந்துவிடுவோர் உண்டு. மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையும் தடையாகிறது. இத்தாமதம் சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். அதன்பின் ஒரு துளி உதிரமோ பழுப்புநிறக் கறையோ காணப்பட்டாலும் பரிசோதனை அவசியம்.

காரணங்கள் யாவை?

பெரும்பாலான காரணங்கள் எளிதில் குணப்படுத்தத்தக்கவை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் சுவரும் கருப்பையின் உட்சுவரும் மெலிந்து, சிறு உராய்விலும் கசியும். வறட்சியும் எரிச்சலும் உடனிருக்கலாம். இதற்குக் களிம்பே பெரும்பாலும் போதும். கருப்பையில் தோன்றும் சிறு சதைவளர்ச்சிகள் பெரும்பாலும் தீங்கற்றவை, அவற்றை அகற்றிவிடலாம்.

கருப்பையின் உட்சுவர் அளவுக்கு மீறித் தடிப்பது மற்றொரு காரணம். உடலின் கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதால், உடற்பருமன் உள்ளோர்க்கு இது மிகுதி. இத்தடிப்பின் ஒரு வகை புற்றுநோயாக மாறக்கூடும். ஹார்மோன் மாத்திரைகள், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்சிஃபென், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மருந்துகள் ஆகியவற்றாலும் உதிரம் வரலாம். எனினும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்தலாகாது.

இவ்வாறு உதிரம் காணும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். அந்நோயுற்றவருள் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரப்போக்கு ஏற்படுகிறது. பெரும்பாலும் அதுவே முதல் அறிகுறி. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அறுவை சிகிச்சையால் குணமடைவோரே மிகுதி. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் உள்ளோர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். உடலுறவுக்குப் பின் உதிரமோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருப்பின், கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும்.

பரிசோதனை எப்படி?

உடற்பரிசோதனைக்குப் பின் ஸ்கேன் வழியே உட்சுவரின் தடிமன் அளக்கப்படும். 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருப்பின் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேற்பட்டாலோ, மீண்டும் உதிரம் வந்தாலோ சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பர். பாப் ஸ்மியர் சோதனை கருப்பைவாய்க்கு உரியது. அதன் முடிவு நன்றாக இருப்பதால் மட்டும் கருப்பைக்குள் நோயில்லை என முடிவு செய்ய இயலாது.

எங்குச் செல்வது?

இடுக்கி, பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை நாடலாம். போடிமெட்டு அல்லது குமுளி வழியாக மலையிறங்குவோருக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும், வாளையாறு கடப்போருக்குக் கோயம்புத்தூரும் உள்ளன. கேரள மருத்துவரிடம் ‘ஆர்த்தவ விராமத்துக்குப் பின் ரத்தஸ்ராவம்’ என்றால் உடனே புரியும். மாதவிடாய் நின்ற ஆண்டு, உதிரம் கண்ட நாட்கள், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைத் தாளில் குறித்துச் செல்க.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டா. கேரளத்தின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பளிக்கிறது. எல்லை கடந்து சிகிச்சை பெற விரும்புவோர், தம் காப்பீடு அங்குச் செல்லுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

தாயிடமோ மாமியாரிடமோ இதுபற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டா. பெரும்பாலோர்க்கு அச்சம் நீங்கும். சிலருக்கு உயிரே காக்கப்படும்.