மலைநாட்டுப் பாதைகளும் துவிசக்கர வண்டியும்

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ துவிசக்கர வண்டியில்லாத வீட்டைக் காண்பது அரிது. பாடசாலைக்கும் சந்தைக்கும் வயலுக்கும் அதுவே வாகனம். ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. லயத்து வாசலில் ஒரு துவிசக்கர வண்டி சாத்தி வைக்கப்பட்டிருந்தால் அது பார்ப்பவர் கண்ணை நிறுத்தும். வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும் மலையில் இரும்பு வண்டியையும் தள்ளிக்கொண்டு ஏறுவார் யார்?

எனினும் அதே மலைகளைத் தேடி, பிற நாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் துவிசக்கர வண்டியோட்டிகள் இப்போது வருகின்றனர். மலைக்கு ஒவ்வாதென்று எண்ணப்பட்ட வண்டி அங்கே ஓடுவது எவ்வாறு? வண்டி மாறியிருக்கிறது என்பது விடையின் ஒரு பாதி. பின்சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாகப் பல பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் மிதி இலேசாகும், வேகம் குறையும், ஏற்றம் வசப்படும். விடையின் மறுபாதி பாதையில் இருக்கிறது. பலரும் கவனியாத பாதி அதுவே.

மலைநாட்டுப் பாதைகள் மோட்டார் வண்டிக்காக வகுக்கப்பட்டவை அல்ல. அவை மாட்டு வண்டிக்காக வகுக்கப்பட்டவை. தேயிலைக்கு முன்னர் அங்கே செழித்தது கோப்பி. கோப்பி மூட்டைகளைச் சுமந்து மாடுகள் ஏறவும் இறங்கவும் வேண்டியிருந்தது. மாட்டின் தோள் தாங்கக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லையுண்டு. இருபதடி தூரத்துக்கு ஓரடி உயர்வது என்று கொண்டால், நூறடி உயர்வதற்கு இரண்டாயிரம் அடி செல்லவேண்டும். செங்குத்தான மலையில் அத்தனை தூரத்துக்கு இடமேது? ஆகையாற்றான் பாதை மலையின் மார்பில் இடமும் வலமுமாக மடிந்து மடிந்து ஏறுகிறது. மாட்டின் தோளும் மனிதனின் காலும் இவ்விடயத்தில் உடன்பட்டவை. மாட்டுக்கு ஏற்ற சரிவு மிதிப்பவனுக்கும் ஏற்றதாகிறது.

இப்பாதைகளை வெட்டியவர் யாவர்? கொழும்பு - கண்டி வீதியை 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் அமைப்பித்தபோது, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் சிங்களக் கிராமத்தவர் அதில் உழைத்தனர். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. பின்னர் மலைநாட்டு வீதிகளைப் பெருக்கிய தோமஸ் ஸ்கின்னரின் காலத்தில் வீதி வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் பெருமளவிற் பயன்பட்டனர். தோட்டங்களுக்குள்ளே செல்லும் பாதைகளோ பெரும்பாலும் அவர்கள் கையால் வெட்டப்பட்டவையே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். வழியிற் கொள்ளைநோய்க்கு இரையானோர் பலர். தமக்கென ஒரு நல்ல பாதையில்லாமல் வந்தவர்களே ஒரு மலைநாடு முழுவதற்கும் பாதை அமைத்தனர்.

1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றியது. சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பாதைகள் மட்டும் கோப்பிக் காலத்து வளைவுகளோடு நிலைத்துவிட்டன.

வண்டியோட்டிகள் விரும்பும் வழிகளுள் முதன்மையானது கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. றம்பொடையிற் கொத்மலை நீர்த்தேக்கம் காலடியில் விரிய, மேலே அருவிகள் தொங்குகின்றன. அதன் பின்னர்தான் உண்மையான ஏற்றம். லபுக்கலையைக் கடந்து கணவாயின் உச்சியைத் தொட்டு, அப்பால் நகரத்துக்குச் சற்றே இறங்க வேண்டும்.

இவ்வீதியில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு வளைவிற் பூங்கொத்தை நீட்டிய சிறுவன், வண்டி நில்லாது போனால், அடுத்த வளைவிலும் அதற்கடுத்த வளைவிலும் நமக்கு முன்னே நிற்பான். அவன் ஓடியது வீதியில் அன்று. தேயிலைக்கு நடுவே செங்குத்தாகச் செல்லும் 'குறுக்கு' வழியில். மாட்டுக்காகப் பாதை வளைந்தது; மனிதனோ நேரே ஏறி இறங்குகிறான். கொழுந்துக் கூடையோடு பெண்களும் புத்தகப்பையோடு பிள்ளைகளும் நாள்தோறும் மிதிப்பது அக்குறுக்குகளையே. தோட்டத்திற் துவிசக்கர வண்டி பரவாமைக்கு ஏற்றம் மட்டும் காரணமன்று என்பது இதனாற் புலனாகும்.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வழி வேறு தன்மையது. காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தையும் ஒட்டி, ஒவ்வொரு மடிப்புக்கும் உள்நுழைந்து வெளிவருவதால், எதிர்க்கரை கூப்பிடு தூரத்தில் தெரிந்தாலும் அங்கே சேர நெடுநேரமாகும். மவுசாக்கலை நீரின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. நீர்மட்டம் தாழும் காலங்களில் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். மேலே சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்க, தேயிலை முடியுமிடத்தில் அதன் அடவி தொடங்குகிறது. மே மாதம் முதல் இப்பக்கத்திற் பெய்யும் தென்மேல் பருவமழை கடுமையானது. பாதையில் வழியும் சேறும் உதிர்ந்த இலையும் சக்கரத்தைச் சறுக்கச் செய்யும்.

மூன்றாவது வழி எல்லையை நோக்கிச் செல்வது. நுவரெலியாவிலிருந்து மீப்பிலிமான, அம்பேவெல வழியாகப் பட்டிப்பொலவுக்குப் போகும் வழியில் தேயிலை குறைந்து, மரக்கறித் தோட்டங்களும் புல்வெளிகளும் காடும் மாறிமாறி வருகின்றன. பட்டிப்பொல இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். உயரம் ஏறத்தாழ 1,898 மீற்றர். அதற்கும் ஓஹியவுக்கும் இடையே முகட்டைத் துளைத்துச் செல்லும் சுரங்கத்தில் மத்திய மாகாணம் முடிந்து ஊவா மாகாணம் தொடங்குகிறது. மாகாண எல்லை மனிதர் வரைந்தது; அதே முகட்டில் மழையும் தன் எல்லையை வரைந்திருக்கிறது. தென்மேல் பருவத்தில் மேற்கே மூடுபனியும் தூறலுமாக இருக்க, கிழக்கே ஊவாச் சரிவில் வெயில் எறிப்பதுண்டு. புகையிரதப் பயணி சில நிமிடங்களிற் காணும் மாற்றத்தை வண்டியோட்டி தோலில் உணர்கிறான்.

பெருவீதியை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் வண்டி குலுங்கத் தொடங்கும். கண்டியை அடுத்த ஹந்தானையிற் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ பாதை' அண்மைக் காலத்தில் 22 பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இவ்வழி, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து நடப்போருக்காக அமைந்தது. சில பகுதிகளில் துவிசக்கர வண்டியும் செல்லும். பயணிக்கு இன்பம் தரும் அக்கரடுமுரடு, அங்கே வாழ்பவருக்கு வேறொன்று. பேறுகாலத்துப் பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வண்டியும் அதே கற்களில்தான் குலுங்கவேண்டும்.

அதைச் செப்பனிடுவது யார் பொறுப்பு? 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இற் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. கம்பனிக்குக் கொழுந்து லொறி தொழிற்சாலையை அடைந்தாற் போதும். பிரதேச சபையோ, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நிற்கிறதென்று கூறித் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை, அவர்கள் வாசலுக்குச் செல்லும் பாதையிற் கைவைக்க இயலாதிருந்தது விந்தையே. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் வழிவிட்டதேயன்றிப் பணம் வழிவிடவில்லை. பாதைகளின் தொகையோ பெரிது.

மண்ணும் தன் பங்கைக் கேட்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் மிகப் பல உயிர்களைக் கொண்டன. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தன. ஆகவே எவ்வழியாயினும், அது திறந்திருக்கிறதா என்பதை முந்திய நாளே அவ்வூர்ப் பொலிசாரிடமோ பஸ் நிலையத்திலோ கேட்டறிவது அவசியம்.

ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்கள் மேற்குச் சரிவுக்கு ஏற்றவை. காலை வெளிச்சத்தோடு புறப்பட்டு, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் ஏற்றத்தை முடித்துவிடுதல் நன்று. இறக்கத்திற் தடையை ஓயாது அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறும்; விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். தோட்டப் பாதையிற் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பெண்கள் சாக்குகளோடு வரிசையாக நிற்பர். அங்கே மணியடித்து ஒதுங்கச் சொல்லாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே வழக்கமாகட்டும். அவர்கள் தலையிலும் முதுகிலும் இருப்பது பல கிலோச் சுமை.