கிளினிக் கொப்பியைக் கவனமாக வைத்திருங்கள்

என் மகன் 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் வன்னியில் பிறந்தவன். இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது செல் துண்டொன்று அவன் தலையைக் கிழித்தது. அதே கிழமையில் அவனது தகப்பனையும் இழந்தேன். காயம் ஆறிவிட்டது, பிள்ளை தப்பிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். 2018 ஆம் ஆண்டு ஆவணியில், 9 வயதில், அவனுக்கு வலிப்பு வந்தது.

கிளினிக்கில் காபமசெப்பீன் என்ற குளிசையை எழுதித் தந்தார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பார்மசியில் எண்ணிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாள் எங்களைப் போன்றவர்களின் கையில் கிடைப்பதில்லை. என்ன கண்டால் ஓடிவர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவுமில்லை.

மூன்றாம் கிழமை காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டுகள் போட்டன. அம்மாள் வருத்தம் என்று வாசலில் வேப்பிலை செருகினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கொண்டுபோய் நாலு மணித்தியாலம் வரிசையில் இருந்தேன். வைத்தியர் பொட்டுகளைப் பார்த்தார். கொப்பியில் திகதியைப் போட்டு, அதே மருந்தைத் தொடரும்படி எழுதினார். நானும் சொன்னபடி கொடுத்தேன். அதன் பிறகு கொடுத்தவை ஐந்து குளிசைகள். அந்த எண்ணிக்கையை நான் மறக்கமாட்டேன்.

பிறகு அவன் வாய் வெந்தது. தோல் கழன்றது. ஸ்டீவன்ஸ் ஜோன்சன் நோய் என்றார்கள். இது அரிதானது. ஆனால் இந்த மருந்தால் வரக்கூடியது என்பதும், இப்படிப் பொட்டு வந்தால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும் என்பதும் வைத்தியர்கள் அறிந்தவை. பிள்ளை உயிர் தப்பினான். கண்மணியில் தழும்பு விழுந்துவிட்டது. வெயிலில் கண் திறக்கமாட்டான், கரும்பலகையும் தெரியாது. (வலிப்பு மருந்தைப் பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்புக் கூடும். பொட்டோ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.)

நட்டஈடு கேட்கப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு மாமி, "செல்லுக்கு ஆரிட்டை நட்டஈடு கேட்டனி? இதுக்கு மட்டும் கேக்கப்போறியோ?" என்றா. அந்தக் கேள்விதான் என்னைப் பஸ் ஏற்றியது.

சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி முதலில் கேட்டது கிளினிக் கொப்பியை. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போயிருக்க வேண்டுமாம். அந்த மாதம் முழுவதும் நான் பிள்ளையின் கட்டிலடியில் இருந்தேன். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போட இரண்டு வருடம் உண்டு. சிறுபிள்ளையின் சொந்த உரிமைக்குச் சட்டம் கூடுதல் காலம் தருகிறது. ஆனால் அதை நம்பியிருந்தால் ஆஸ்பத்திரியில் அட்டைகள் தொலைந்துபோகும் என்றார்.

அவர் சொன்னது சரிதான். பதிவேட்டு அறையில் "தேடுகிறோம்" என்றே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கொடுத்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். வார்ட்டு அட்டையின் பிரதி கிடைத்தது. மருந்தால் வந்த நோய் என்று அதிலேயே எழுதியிருந்தது.

சட்டத்தரணி எனக்குப் பொய் நம்பிக்கை தரவில்லை. ஒரு சிறுமியின் நோயைப் பிழையாகக் கணித்த வழக்கொன்றில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்ததாம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம், கவனக்குறைவு உண்டு, ஆனால் பிள்ளை இறந்தது அதனால்தான் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி அதையும் நீக்கிவிட்டது. ஆகவே இரண்டையும் நிரூபிக்க வேண்டும். முதலில் அந்த மருந்தை எழுதியது பிழையல்ல. பொட்டைக் கண்ட பிறகும் தொடரச் சொன்னதே எங்கள் வழக்கு.

அதைச் சொல்ல இன்னொரு வைத்தியர் வேண்டும். இருவர் மறுத்தார்கள், மூன்றாமவர் சம்மதித்தார். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் அனுப்பி, 2020 தை மாதம் மகனின் பெயரில், அவனுக்காக நான் நின்று, வழக்குப் பதிந்தோம். இரண்டு மாதத்தில் கொரோனா வந்து நீதிமன்றமும் பூட்டியது. அன்றிலிருந்து தவணை மேல் தவணை.

தாயின் துயரத்துக்கு இந்தச் சட்டத்தில் பணம் இல்லை. அவன் பட்ட வேதனைக்கும், கண் மருந்துக்கும், பஸ் காசுக்கும், நாளைக்கு அவன் உழைக்க முடியாமல் போவதற்கும்தான் கேட்டிருக்கிறோம். பஸ் துண்டுகளைச் சேர்த்து வைக்காதது என் பிழை. நீங்கள் சேர்த்து வையுங்கள்.

போன தவணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என் கையிலிருந்த கொப்பியை வாங்கி, அந்தத் திகதிப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். திருப்பித் தரும்வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் கண்ணாடியோடு வாங்கில் இருந்த மகன், "தந்திட்டினமோ அம்மா?" என்று கேட்டான்.